அண்ணன் வீட்டுப் புல்லும் என் கிணறும்

என் அண்ணன் வீட்டுப் புல்லைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கும் எனக்குக் காது சிவந்துவிடும். சொல்லாதவர்கள் குறைவு. நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில் எங்கள் குடியிருப்பின் வளைவுக்குள் நுழைந்தால், காங்கிரீட் சாலை நேராகச் சரிவில் இறங்கி அந்த வீட்டு வாசலில்தான் போய் நிற்கும். சித்திரை வெயிலில் சீமைக்கருவேல்கூட வாடிக் கிடக்கும்போது அங்கே மட்டும் கண்ணைப் பறிக்கிற பச்சை. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஒரு நடை நடந்து பார்த்து, மெத்தையாட்டம் இருக்கிறது என்பார்கள். அண்ணன் சிரிப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்தக் குடியிருப்பு முழுக்க எங்கள் அப்பாவின் காடு, பயிர் வைத்த நிலம். பாகம் பிரித்தபோது மேல்பாதி அண்ணனுக்கு வந்தது, கீழ்பாதி எனக்கு வந்தது. அண்ணன் தன் பாகத்தை மனை மனையாகப் போட்டு விற்றுவிட்டு, கடைசி மனையில், என் வேலியை ஒட்டி, வீடு கட்டிக்கொண்டார். என் பாகத்தில் என் வீடு, கொஞ்சம் தென்னை, ஒரு வரிசை வாடகை வீடுகள், ஒரு கிணறு. என் வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு வடக்கே போகிறவர். வருஷத்தில் பாதி நாள் ஏதோ ஒரு ஊரில் யாருக்கோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பார். மழைக்காலத்தில்தான் வீட்டுக்கு வருவார்.

கிணற்றின்மீது எனக்குப் பெரிய பாசமெல்லாம் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அது இருந்தது, தண்ணீர் நன்றாக இருந்தது, மோட்டாரைப் போட்டால் எல்லா வீட்டுத் தொட்டிக்கும் ஏறியது. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் வரும், வராத நாளில் வராது. அதனால் குடிக்க, சமைக்க, துணி துவைக்க எல்லாவற்றுக்கும் அந்தக் கிணறுதான். யாரும் அதைப் பற்றி நின்று பேசியதில்லை.

பிறகு புல் வந்தது. பாய் மாதிரிச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். அண்ணன் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். அதற்கு முன்னால் மஞ்சளும் சோளமும் போட்டவர். விற்கவோ தின்னவோ ஆகாத ஒரு பயிரை வாழ்நாளில் அவர் வளர்த்ததில்லை. ஆகவே புல்லையும் மஞ்சள் போலவே வளர்த்தார். பண்ணையிலிருந்து டிராக்டரில் கோழி எரு வந்தது. அதற்கு மேல் யூரியாவை அள்ளி வீசினார். சுற்றித் தெளிக்கிற குழாய்கள் பதித்தார்கள். அந்தத் தூறல்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. ரப்பர் ஓஸையும் திறந்து நடுவில் போட்டுவிட்டுப் பண்ணைக்குக் கிளம்பிவிடுவார். வயலில் தண்ணீர் கடைசி வரப்பில் தட்டி நிற்பதைப் பார்த்தால்தான் எங்கள் ஆட்களுக்கு மனது நிறையும். புல்தரைக்குக் கடைசி வரப்பு எது? சாலைதான்.

அண்ணனைப் பார்த்து மேலே இருக்கிற எல்லா வீடுகளிலும் புல் முளைத்தது. லாரி வைத்திருப்பவர், தீவன மில் வைத்திருப்பவர், ரிக் வைத்திருப்பவர், எல்லாருமே காட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள். அண்ணன் பெரிய மனசோடு எல்லாருக்கும் எருவைச் சும்மாவே அனுப்பினார். சாயங்காலமானால் சரிவு முழுக்கக் குழாய்கள் சுற்றும். பாதித் தண்ணீர் புல்லில் விழும், பாதி காங்கிரீட்டில் விழும். இரண்டும் சேர்ந்து, வடிகட்டாத டீ நிறத்தில், ஓரச் சாக்கடை வழியாக அண்ணன் வாசலைத் தாண்டி என் நிலத்துக்குள் இறங்கும். என் நிலத்தில் சாக்கடை கட்டவில்லை, வெறும் மண் வாய்க்கால்தான். அது கிணற்றை உரசிக்கொண்டு போய் ஊர் ஏரியில் விழுகிறது. ஏரியும் ஆகாயத்தாமரை மூடி, காற்று திரும்பினால் மூக்கைப் பொத்தவைக்கிற நிலைக்கு வந்துவிட்டது. ஏரியைச் சுற்றி இப்படி எத்தனை குடியிருப்பு, எத்தனை புல் என்று எனக்குத் தெரியாது. என் கிணற்றுக்குள் எது வருகிறது என்பது மட்டும் தெரியும்.

முதலில் கிணற்றில் மெல்லிய பச்சை ஆடை படிந்தது. வெயிலுக்கு என்று நினைத்தேன். பிறகு தண்ணீர் முழுக்கப் பச்சையாக மாறியது. பாத்திரத்தில் பிடித்து வைத்தால் ஓரத்தில் வழவழப்பு நின்றது. வாடகை வீட்டில் இருந்த ஒரு பெண் குடத்தோடு வந்து, தண்ணீர் ஒரு மாதிரி வாசம் வருகிறதே என்று கேட்டாள். அவள் வீட்டுக்காரர் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறார். கைக்குழந்தைக்காரி. தாய்ப்பால் பற்றாமல் பால் பவுடர் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சி வடிகட்டிக் கொடுக்கச் சொன்னேன். எல்லாரும் அதைத்தானே சொல்வார்கள்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் அவளிடம் எந்தத் தண்ணீரில் பால் கலக்குகிறாய் என்று கேட்டிருக்கிறார். கிணற்றுத் தண்ணீர் என்றதும், அதைக் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு அப்புறம் கொடு என்று சொல்லி அனுப்பிவிட்டார். நானே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனேன். சோதனைக்கூடத்தில் இருந்தவர் சொன்னது இதுதான்: தண்ணீரில் உரத்து உப்பு, அதாவது நைட்ரேட், ஏறியிருக்கிறது. காய்ச்சினால் அது போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு இன்னும் கெட்டிப்படும். பெரியவர்கள் தாங்குவார்கள், புட்டிப்பால் குடிக்கிற சிசு தாங்காது. ரத்தத்தில் பிராணவாயு சேராமல் உடம்பு நீலம் பாரித்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை அந்தக் குழந்தையைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து உதட்டையும் நகத்தையும் பார்த்ததுதான். எல்லாம் சிவப்பாகவே இருந்தது. குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. அன்றைக்கே கேன் தண்ணீருக்குச் சொல்லிவிட்டு, வேலியைச் சுற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் ஓஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். அவருக்குக் கோபமே வரவில்லை, சின்ன வயதிலிருந்து என்னைச் செல்லமாகக் கூப்பிடுகிற மாதிரி சாமி என்றுதான் கூப்பிட்டார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"அது எருத்தண்ணி சாமி. உன்ற தென்னைக்குச் சும்மா வருது. மேக்காட்டுத் தண்ணி இப்பிடி வந்துச்சுன்னா அப்பன் காலத்துல எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாங்க" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்கு நல்லது செய்துகொண்டிருப்பதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். காட்டில் அப்படித்தான். மேல்வயலில் எரு போட்டுப் பாய்ச்சினால் வடிகிற தண்ணீர் கீழ்வயல்காரனுக்கு லாபம். நடுவில் இருக்கிற மண் குடிக்க வேண்டியதைக் குடித்துவிடும், பயிர் தின்ன வேண்டியதைத் தின்றுவிடும். இப்போது நடுவில் இருப்பது காங்கிரீட். அது எதையும் குடிக்காது, எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்து என் கிணற்றில் கொட்டும். என் தென்னைகள் அந்த வருஷம் குலை தாங்காமல் காய்த்தன என்பதும் உண்மைதான். அதை அவர் கையை நீட்டிக் காட்டினார். தென்னை குடிப்பது சரி, கிணறும் குடிக்கிறதே, அந்தக் கிணற்றைக் குழந்தை குடிக்கிறதே என்றேன். கேன் தண்ணீர் வாங்கிக்கொடு, அப்படியே ஒரு சுத்திகரிப்பு மெஷினும் மாட்டிக்கொள், வேண்டுமென்றால் நானே வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓஸை அந்தப் பக்கம் திருப்பினார்.

சும்மா விடுவேனா? குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் போய் நின்றேன். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு நடக்காத சண்டையா? மடையை அடைத்துவிட்டான், என் முறையில் அவன் பாய்ச்சிவிட்டான் என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஆனால் எல்லாம் தண்ணீர் விடு என்கிற சண்டை. தண்ணீர் விடாதே என்று ஒருத்தி வந்து நின்றதும் அவர்களுக்கு எப்படி எடுத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. எதிர்ப்புகூடச் சொல்லாமல் சிரித்தார்கள். பிறகு ஒருவர் ரொம்ப அக்கறையாக, கெட்டுப்போன கிணற்றை எதற்கு வைத்துக்கொண்டிருக்க வேண்டும், கொசுதான் சேரும், கல்லும் மண்ணும் போட்டு மூடிவிடலாம் என்றார். செலவைச் சங்கமே பார்த்துக்கொள்ளுமாம். "மேல புல்லுப் போட்டுட்டா எல்லாரும் வாக்கிங் போறதுக்கும் ஆகுமுங்க" என்றார்.

என் கிணற்றைக் கெடுத்த புல்லை என் கிணற்றின் மேலேயே விரிப்பார்களாம். அதில் அவர்கள் காற்று வாங்கி நடப்பார்களாம். மூடுகிறவர் முதலில் உள்ளே இறங்கி நிற்கட்டும், அப்புறம் கல்லைக் கொட்டலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வாய்த்துடுக்குக்காரி என்று பேர் வந்தது. வந்தால் வரட்டும்.

என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்.

"சண்ட எதுக்கு புள்ள, நான் வந்ததும் நம்ம ஊட்டுலயே ஒரு போர் போட்டுரலாம்" என்றார்.

"அவரு புல்லு வளக்கறதுக்கு நான் பாறையத் தொளைக்கோணுமாங்க?" என்று கேட்டேன்.

ரிக் ஓடுகிற சத்தத்துக்கு மேலே, நீ சொல்வதும் சரிதான் என்று கத்தினார். அவர் என் பக்கம் பேசிய சொற்ப சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

இதற்கு நடுவில் அண்ணன் மகனுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைத்துத் தலைக்கு ஊற்றும்போது முதல் குடம் குடும்பத்துக் கிணற்றுத் தண்ணீராக இருக்க வேண்டும். அதை அத்தைதான் கொண்டுவர வேண்டும். கிணறு என்னிடம் இருக்கிறது, அத்தையும் நான்தான். அண்ணன் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், புடவை எல்லாம் வைத்துக்கொண்டு முறையாக வந்து அழைத்தார். புடவை நல்ல புடவை. கிளம்பும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"கொடத்துல கேன் தண்ணிய ஊத்திக் கொண்டா சாமி. ஆரு கேக்கப் போறா."

கேன் தண்ணீர் குழந்தைக்கு வைத்திருக்கிறேன், குடம் கொண்டுவருகிறேன் என்றேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் புல்தரையின் மேலேதான் பலகை போட்டு மாப்பிள்ளையை உட்காரவைத்திருந்தார்கள். சொந்தம் பந்தம் எல்லாம் சுற்றி நின்றது. நான் புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு, மஞ்சள் பூசிய பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். பித்தளைக்குள் இருக்கிற தண்ணீரின் நிறம் யாருக்கும் தெரியாது. எவர்சில்வர் அண்டா ஒன்று பக்கத்தில் இருந்தது. அதில் கவிழ்த்தேன். பாசி நிறத்தில் தண்ணீர் சுழன்று நின்றது. வாசம் ஒரு நொடி கழித்து எழும்பியது. முன்வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்னால் போனார்கள். பெண்வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணன் என் கையைப் பிடித்தார். என்ன காரியம் பண்ணுகிறாய் என்று பல்லுக்குள் கேட்டார். மருமகன், எண்ணெய் வழிகிற தலையோடு, ஊற்றுங்கள் அத்தை என்றான். அவனுக்கு விஷயம் புரியவில்லை, நல்ல பையன். சொம்பை எடுத்தேன். ஆனால் முகக்கவில்லை.

"நம்ம கெணத்துத் தண்ணிதானுங்ணா. உங்க புல்லுல இருந்துதான் வந்துச்சு. உங்க பையன் தலைக்கு ஆகாத தண்ணி, அந்தக் கொழந்தை வயித்துக்கு ஆகுமாங்ணா?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. அண்ணி சட்டென்று உள்ளே போய்க் கேன் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டார். மேளக்காரர் ஓங்கி ஒரு வாசிப்பு வாசித்து எல்லாவற்றையும் பூசி மெழுகினார். நல்ல நாளும் அதுவுமாக இப்படிச் செய்துவிட்டாளே என்று பந்தியில் என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். நான் எழுந்து போகவில்லை. உட்கார்ந்து முழு விருந்தும் சாப்பிட்டேன், பாயசம் மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தேன். என் சண்டை தண்ணீரோடு, பாயசத்தோடு இல்லை.

அதற்குப் பிறகு அண்ணன் என்னோடு பேசவில்லை. ஆனால் தண்ணீர் மட்டும் தவறாமல் வந்தது. கல்யாணக் கூட்டம் மிதித்துப் புல் நசுங்கிவிட்டதாம், அதைத் தேற்ற மறுபடியும் எரு, மறுபடியும் ஓஸ். வாடகை வீட்டுப் பெண் ஒரு நாள் வந்து, வேறு வீடு பார்க்கலாமா என்று தன் வீட்டுக்காரர் கேட்கிறார் என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தைக்குப் பல் முளைக்கிற வயது, கீழே ஈரத்தில் கிடக்கிறதையெல்லாம் எடுத்து வாயில் வைக்கிறது என்றாள். ஒரு வாரம் பொறு என்றேன்.

மறுநாள் காலையில் மண்வெட்டியை எடுத்தேன். அண்ணன் பண்ணையிலிருந்து தென்னைக்குக் கோழி எரு வந்த சாக்குகள் கொல்லையில் கிடந்தன. அவற்றில் மண்ணை நிரப்பினேன். அந்தப் பெண் குழந்தையை ஒரு இடுப்பில் வைத்துக்கொண்டு மறுகையால் சாக்கின் வாயைப் பிடித்தாள். சாக்கடை என் நிலத்துக்குள் இறங்குகிற வாயில் அவற்றை அடுக்கி, மேலே களிமண் வைத்து மிதித்து, மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டி இறுக்கினேன். என் பட்டா நிலம், என்னைக் கேட்காமல் விட்ட தண்ணீர். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது.

சாயங்காலம் சரிவு முழுக்கக் குழாய்கள் சுற்ற ஆரம்பித்தன. எல்லா வீட்டுத் தண்ணீரும் வழக்கம்போல இறங்கி வந்தது, போக இடமில்லாமல் நின்றது, அகலமாக விரிந்தது, அண்ணன் வீட்டு கேட்டுக்குள் நுழைந்தது. இரண்டு மூன்று நாள் அண்ணன் அதைச் சட்டை செய்யவில்லை. புல்லுக்கு நல்லதுதானே என்று நினைத்திருப்பார். ஆனால் அந்த வீட்டுக் கீழ்த்தொட்டி கேட்டுக்கு உள்ளேயே, கார் நிற்கிற இடத்தில் தரைக்கு அடியில் இருக்கிறது. அதன் இரும்பு மூடி சாலை மட்டத்துக்குத்தான் இருக்கும். அதற்குள் எருத்தண்ணீர் இறங்கிவிட்டது. புதிதாக வந்த மருமகள் காலையில் முகம் கழுவக் குழாயைத் திறந்தாளாம். கையில் பிடித்த தண்ணீரை அப்படியே கீழே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தாளாம். அவள் பாவம், எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் இல்லை.

அண்ணன் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, முழங்காலுக்குக் கீழே சேறு. கையில் மண்வெட்டி இருந்தது. நான் போய் அடைப்பின் மேல் ஏறி நின்றுகொண்டேன். அந்தப் பெண்ணும் குழந்தையோடு வந்து எனக்குப் பின்னால் நின்றாள். அடைப்பை வெட்டுவார் என்றுதான் நினைத்தேன், வெட்ட வந்தால் நகர்வதில்லை என்றும் முடிவு பண்ணியிருந்தேன். அவர் வெட்டவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடிக்கக் கையை நீட்டியது.

"மேல இருக்கறவனுக வுடற தண்ணி அத்தனையும் என்ற ஊட்டுக்குள்ள வருது சாமி" என்றார்.

அதை அவர் எனக்கு ஒரு புதுச் செய்தி போலச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை மாதம் நான் தொண்டை கிழியச் சொன்னது அதே வாக்கியம்தான், வீடு மட்டும்தான் வேறு.

அன்றைக்கு அவர் சரிவில் மேலே நடந்து போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஓஸை மூடச் சொன்னார். எரு இனி வராது என்றும் சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை, தன் வீட்டுத் தொட்டி கெட்டுவிட்டது என்றுதான் சொன்னார். நான் கூட்டத்தில் சொன்னபோது சிரித்தவர்கள் அவர் சொன்னதும் தலையாட்டினார்கள். அது எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை. சில வீடுகளில் மூடினார்கள். சில வீடுகளில் விருந்தாளி வருகிற நாளில் இன்னும் திறக்கிறார்கள். அண்ணன் வீட்டுப் புல் ஓரங்களில் பழுத்துவிட்டது. அவர் அதைப் பிடுங்கவில்லை, வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கையால் தெளிக்கிறார்.

நான் கிணற்றை இறைத்துத் தென்னைக்கு விடுகிறேன். ஊறுகிறது, மறுபடி இறைக்கிறேன். பச்சை போய்விட்டது, வாசம் போய்விட்டது. சோதனைக்கூடத்தில் இன்னும் ஆகாது என்றுதான் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு சீக்கிரம் போகும், மண்ணுக்குள் இறங்கிய உப்பு லேசில் போகாதாம். அந்தப் பெண் வேறு வீடு பார்க்கவில்லை. குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது, குடிப்பது இன்னும் கேன் தண்ணீர்தான்.

போன வாரம் வானம் மூட்டம் போட்டது. அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, குழாயெல்லாம்தான் மூடியாயிற்றே, அடைப்பை எடுத்துவிடேன், மழை பெய்தால் என் வாசல் மறுபடியும் முழுகிவிடும் என்றார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"மழைத்தண்ணி வந்தா நானே வந்து எடுப்பேனுங்ணா. புல்லுத்தண்ணி வந்தா எடுக்க மாட்டேன்."

ரெண்டும் ஒண்ணாத்தானே வரும் சாமி என்றார். அப்படியானால் மழைக்கு முன்னால் மேலே போய் எருவையெல்லாம் வழித்து எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றேன். அவர் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு சரிவில் ஏற ஆரம்பித்தார்.